எலி மூளையில் ஓர் எழுத்து மாற்றம்: அடார்-2 மரபணு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் விலங்கியலும் உயிர்வேதியியலும் முதுகலை படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். கல்லூரியில் முப்பது வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஆர்.என்.ஏ. திருத்தம் என்று அவர்கள் பாடத்தில் இரண்டே பக்கம்தான் வருகிறது. ஆனால் அந்த இரண்டு பக்கம்தான் அவர்களைப் படுத்துகிறது. ஒரே பதிலை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்லி அலுத்துப்போய், இந்த வருடம் எழுதியே வைத்துவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அப்பா அம்மாக்கள் படிக்கட்டில் நின்று கேட்டதும், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் கேட்டதும் இதில் உண்டு.

ஆர்.என்.ஏ. திருத்தம் என்றால் என்ன?

டி.என்.ஏ.யில் உள்ள ஒரு மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் படித்துப் புரதம் கட்டப்படுகிறது. இது பள்ளிக்கூடத்துப் பாடம். நகல் எடுத்த பிறகு, நகலில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றுவதுதான் ஆர்.என்.ஏ. திருத்தம். மூலத்தில் யாரும் கை வைப்பதில்லை.

'திருத்தம்' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, தப்பைச் சரிசெய்வது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே தப்பே நடக்கவில்லை. என் அப்பா பட்டுத்தறி போட்டவர். ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டை சொல்கிறபடிதான் சேலையில் பூ விழும். ஆனால் ஒரு பூவின் நடுவில் மட்டும், அட்டை சொல்லாத ஒரு சிவப்பு இழையை அப்பா கையால் கோத்துவிடுவார். ஒவ்வொரு சேலையிலும், அதே இடத்தில். அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் சிவப்பு இருப்பதே தெரியாது. துணியை விரித்தால்தான் தெரியும்.

இந்தப் பெயர் முதலில் ஒட்டியது எலிக்கு அல்ல. 1986ல் ராப் பென்னேயின் ஆம்ஸ்டர்டாம் குழு, டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணியின் நகலில் மரபணுவிலேயே இல்லாத நான்கு யு எழுத்துகள் செருகப்பட்டிருப்பதைக் கண்டது. எலி, மனிதன் போன்ற பாலூட்டிகளில் எழுத்தைச் செருகும் வேலை இல்லை. ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்றும் வேலைதான். அதில் இரண்டு வகை: அடினோசினை (ஏ) இனோசினாக (ஐ) மாற்றுவது, சைட்டிடினை (சி) யுரிடினாக (யு) மாற்றுவது.

எலியில் இந்த வேலையைச் செய்யும் மரபணுக்கள் எவை?

முதல் வகைக்கு அடார் குடும்பத்தில் மூன்று: அடார்-1, அடார்-2, அடார்-3. இரண்டாம் வகைக்கு அபோபெக்-1. எலி மரபணுப் பட்டியலில் அடார்-2ஐத் தேடினால் 'அடார்பி1' என்ற பெயரில்தான் கிடைக்கும். பழைய கட்டுரைகளில் 'ரெட்1' என்று இருக்கும். மூன்று பெயரும் ஒரே ஆள்தான். அடார்பி1ஐயும் அடார்-1ஐயும் ஒன்றென்று நினைத்து எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் என் மாடியிலேயே இருக்கிறார்கள்.

எந்த எலி?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

தமிழில் எல்லாமே எலி. ஆய்வகத்தில் அப்படி விட முடியாது. விஸ்டார், ஸ்ப்ரேக்-டாலி என்ற பெயர்களில் வளர்க்கப்படும் வெள்ளை எலிகள் சாக்கடையோர எலியின் வளர்ப்பு வாரிசுகள். சுண்டெலி வேறு இனம். இரண்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோனவை. நம் ஊர்ப் பெருச்சாளி மூன்றாவது. இந்தக் கட்டுரையில் எலி என்றால் வெள்ளை எலி. சுண்டெலியைச் சொல்லும்போது சுண்டெலி என்றே எழுதுகிறேன்.

அடார்-2 கதையில் இது முக்கியம். அந்த மரபணு தரும் நொதியை, அதாவது எழுத்தை மாற்றும் புரதத்தை, முதலில் பிரித்தறிந்தது எலி மூளையிலிருந்து. 1996ல் ஹைடல்பெர்க்கில் பீட்டர் சீபர்க்கின் ஆய்வகம் அதைச் செய்தது. ஆனால் மரபணுவை நீக்கிப் பார்த்த பெரிய சோதனை 2000ல் சுண்டெலியில் நடந்தது. காரணம் எளிது: மரபணுவை நீக்குவதற்கு வேண்டிய கருத்தண்டுச் செல் நுட்பம் சுண்டெலியில்தான் அப்போது கைவந்திருந்தது. எலியின் கருத்தண்டுச் செல்கள் 2008ல்தான் கிடைத்தன. எலியில் குறிவைத்து மரபணுவை முடக்குவது 2009ல்தான் முடிந்தது.

என் ஆய்வேட்டில் அந்தச் சோதனையை 'எலியில் நடந்தது' என்று எழுதி வைத்திருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்தவர் சிரித்துக்கொண்டே, "எந்த எலிம்மா?" என்றார். முழித்தேன். அதனால் பிள்ளைகளை இந்த விஷயத்தில் நான் விடுவதே இல்லை.

அடார்-2 அந்த எழுத்தை எப்படி மாற்றுகிறது?

அடினோசினில் ஆறாவது கார்பனில் ஓர் அமினோ தொகுதி தொங்குகிறது. நொதி ஒரு நீர் மூலக்கூறைக் கொண்டுவந்து அதைக் கழற்றிவிடுகிறது. அமோனியா வெளியேறுகிறது, மிச்சம் நிற்பது இனோசின். வேலை நடக்கும் இடத்தில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கிறது. இரட்டை இழைக்குள் புதைந்திருக்கும் அடினோசினை எட்டுவதற்கு, நொதி அந்த ஓர் எழுத்தை மட்டும் இழையிலிருந்து வெளியே புரட்டி, தன் குழிக்குள் இழுத்துக்கொள்கிறது.

புரதம் கட்டும் ரைபோசோமுக்கு இனோசின் என்பது கிட்டத்தட்ட குவானோசின் (ஜி) மாதிரிதான் தெரியும். அதனால் நடைமுறையில் ஏ இருந்த இடத்தில் ஜி இருப்பதாகப் படிக்கப்படுகிறது.

இந்த மாற்றத்தின் வேதியியலை முதலில் பிடித்தது எலியிலும் அல்ல, தவளை முட்டையில். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று நினைத்துத் தேடிய பிரெண்டா பாஸும் ஹெரால்ட் வெயின்ட்ராபும், 1988ல் அது பிரிக்கவில்லை, எழுத்தை மாற்றுகிறது என்று காட்டினார்கள். எழுத்து மாறியதால் ஜோடி தளர்ந்து, பிரிந்த மாதிரி தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கான ஏ எழுத்துகள் இருக்கும்போது எதை மாற்றுவது என்று நொதிக்கு எப்படித் தெரியும்?

இதற்குச் சேலத்துப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வது சுலபம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து ஒரு வளைவைத் திரும்பியதும் சன்னல் வழியாகக் கீழே பாருங்கள். இப்போதுதான் கடந்துவந்த ரோடு பக்கத்திலேயே, எதிர்த் திசையில், ஒட்டினாற்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ரோடுதான், மடிந்ததால் இரண்டு ரோடு பக்கம் பக்கமாக வந்துவிட்டது.

ஆர்.என்.ஏ.வும் அப்படித்தான் மடிகிறது. அந்த மடிப்புக்குக் கொண்டை ஊசி என்றேதான் பெயர். அடார் நொதிகள் ஒற்றை இழையைத் தொடுவதில்லை. இழை மடிந்து தன்னோடு தானே ஜோடி சேர்ந்த இடத்தில்தான் வந்து உட்காரும். அடார்-2க்கு இரட்டை இழையைப் பிடிக்க இரண்டு 'கைகள்' உண்டு. அப்புறம் எழுத்தை மாற்றுகிற வாய் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை. அடார்-2வின் மிகப் பெயர்பெற்ற இலக்கு குளுஏ2 என்ற ஏற்பித் துண்டின் நகல் (ஏற்பி என்றால் செல்லின் மேல் சேதியை வாங்கிக்கொள்ளும் புரதம்). மாற்ற வேண்டிய எழுத்து, கடைசி நகலில் தங்கும் பகுதியான எக்சானில் இருக்கிறது. அதோடு ஜோடி சேரும் துண்டோ சுமார் 300 எழுத்து தள்ளி இன்ட்ரானில் இருக்கிறது. இன்ட்ரான் கடைசியில் வெட்டி எறியப்படும் பகுதி. ஆகவே வெட்டுவதற்கு முன்பே, உட்கருவுக்குள்ளேயே, திருத்தம் முடிந்தாக வேண்டும். குப்பை என்று ஒதுக்கிய துண்டு இல்லாவிட்டால் எழுத்து மாறவே மாறாது.

குளுஏ2வில் ஓர் எழுத்து மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

மூளையில் வேகமான சேதிகளைக் கடத்துவது பெரும்பாலும் குளுட்டமேட். அதை வாங்கிக்கொள்ளும் ஆம்பா வகை ஏற்பி நான்கு புரதத் துண்டுகள் சேர்ந்த ஒரு வாசல். குளுஏ2 அதில் ஒரு துண்டு.

எலியின் மரபணுவில், வாசலின் நடுத்துளைக்கு வரும் இடத்தில் சி-ஏ-ஜி என்று எழுதியிருக்கிறது. அதன் பொருள் குளுட்டமின். அடார்-2 நடு எழுத்தை மாற்றிவிட்டால் அது சி-ஜி-ஜி என்று படிக்கப்படும். பொருள் ஆர்ஜினின். குளுட்டமினுக்கு மின்னூட்டம் இல்லை. ஆர்ஜினினுக்கு நேர் மின்னூட்டம் உண்டு. கால்சியமும் நேர் மின்னூட்டம் உள்ளது. துளையில் ஆர்ஜினின் காவலுக்கு நின்றால் கால்சியம் உள்ளே நுழைய முடியாது. சோடியம் போகும், சேதி கடக்கும். கால்சியம் மட்டும் தடுக்கப்படும். நரம்புச் செல்லுக்குள் கால்சியம் கட்டுப்பாடின்றிப் புகுந்தால் செல் செத்துப்போகும்.

1991ல் சீபர்க்கின் குழு மரபணுவையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது. மரபணுவில் எங்கு தேடினாலும் குளுட்டமின். மூளையிலிருந்து எடுத்த நகலில் ஆர்ஜினின். வளர்ந்த விலங்கின் மூளையில் இந்த இடத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் திருத்தம் நடக்கிறது. ஆர்.என்.ஏ. திருத்தங்களில் இவ்வளவு முழுமையாக நடப்பது அபூர்வம். பல இடங்களில் பத்து, இருபது சதவீதமே நடக்கும்.

சுண்டெலியில் அடார்-2 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். குட்டிகள் பிறந்தன, ஆனால் வலிப்பு வந்து இருபது நாளுக்குள் செத்தன. சரி, ஒரு நொதி பல நகல்களை மாற்றுகிறதே, எதனால் சாவு? அதையும் அதே குழு சோதித்தது. நொதி இல்லாத அதே சுண்டெலியில், குளுஏ2 மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஆர்ஜினினை நேரடியாக எழுதிவிட்டார்கள். குட்டிகள் பிழைத்துக்கொண்டன. அத்தனை இலக்குகளில் உயிர் போகிற இலக்கு இந்த ஒன்றுதான் என்பது அப்படித்தான் உறுதியானது. நான் படித்த சோதனைகளில் இவ்வளவு அழகாக மடக்கிக் கேட்டது வேறு இல்லை.

அப்படியென்றால் மரபணுவிலேயே ஆர்ஜினின் என்று எழுதிவிட்டுப் போகலாமே? எதற்கு இந்தச் சுற்று?

போன வருடம் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மேலே சொன்ன சுண்டெலிகளே அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகின்றன: ஆர்ஜினினை நேராக எழுதியும் அவை நன்றாகத்தான் இருந்தன.

ஒரு பங்குப் பதில் ஏற்பி கட்டப்படும் விதத்தில் இருக்கிறது. ஆர்ஜினின் கொண்ட குளுஏ2 செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் தங்கி, மற்றத் துண்டுகளோடு சேர்வதற்குக் காத்திருக்கிறது. குளுட்டமின் கொண்டதோ சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. எனவே அந்த ஓர் எழுத்து வாசலின் துளையை மட்டுமல்ல, எந்தத் துண்டோடு எது சேரும் என்பதையும் தீர்மானிக்கிறது. நகலில் மாற்றும் ஏற்பாடு இருந்தால் அதைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கும்; மரபணுவில் எழுதிவிட்டால் அந்த வழி அடைபடும். குளுஏ2வில் அந்த வழி பெரிதாகப் பயன்படுவதில்லை என்பது உண்மை. ஆனால் கீழே சொல்லப்போகும் செரட்டோனின் ஏற்பியில் நன்றாகவே பயன்படுகிறது.

அடார்-2வை யார் கட்டுப்படுத்துகிறார்கள்?

அதுவே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு நகலில் இன்ட்ரானை வெட்ட வேண்டும் என்றால், இன்ட்ரானின் கடைசி இரண்டு எழுத்து ஏ-ஜி என்று இருக்க வேண்டும். அதுதான் 'இங்கே வெட்டு' என்ற அடையாளம். எலியின் அடார்-2 நகலில், ஓர் இன்ட்ரானுக்குள், உண்மையான வெட்டுமுனைக்கு 47 எழுத்து முன்னால் ஏ-ஏ என்று ஓர் இடம் இருக்கிறது. சாதாரணமாக வெட்டும் எந்திரம் அதைக் கண்டுகொள்ளாது.

செல்லில் அடார்-2 புரதம் நிறைய இருந்தால், அது தன் சொந்த நகலின் மேலேயே போய் உட்கார்ந்து, அந்த ஏ-ஏவில் இரண்டாவதை இனோசினாக மாற்றிவிடுகிறது. இப்போது அது ஏ-ஐ. வெட்டும் எந்திரத்துக்கு ஏ-ஜி மாதிரியே தெரிகிறது. முன்கூட்டியே வெட்டிவிடுகிறது. 47 எழுத்துகள் கூடுதலாக நகலில் தங்கிவிடுகின்றன. 47 மூன்றால் வகுபடாத எண். மூன்று மூன்றாகப் படிக்கும் ரைபோசோமுக்கு அதற்குப் பிறகு எல்லாமே தடம் புரண்டுவிடும். சீக்கிரமே நிறுத்தக் குறி வந்து, வேலைக்காகாத குட்டைப் புரதம்தான் கிடைக்கும். நொதி அதிகமானால் தன் நகலைத் தானே கெடுத்து, உற்பத்தியைக் குறைக்கிறது. நொதி குறைந்தால் கெடுக்க ஆளில்லை, உற்பத்தி மறுபடி ஏறும்.

இதை 1999ல் எலியில் காட்டியவர்கள் ரோனல்ட் எமிசனின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு. கிணற்றுத் தொட்டி நிறைந்ததும் மிதவைப் பந்து குழாயை அடைக்குமே, அதே கணக்கு. ஆனால் இங்கே பந்தும் குழாயும் தண்ணீரும் ஒன்றே என்பதுதான் ஆச்சரியம்.

மூளையைத் தவிர வேறெங்கும் அடார்-2க்கு வேலை உண்டா? மூளையிலேயே வேறு வேலை உண்டா?

இரண்டுக்கும் உண்டு. 1997ல் எலி மூளையில் செரட்டோனின் 2சி ஏற்பியின் நகல் திருத்தப்படுவது தெரியவந்தது. பக்கம் பக்கமாக ஐந்து ஏ எழுத்துகள், மூன்று அமினோ அமிலங்கள். எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதைப் பொறுத்து 24 விதமான புரதங்கள் ஒரே மரபணுவிலிருந்து வரக்கூடும். ஒன்றுமே மாறாத ஏற்பி நன்றாகத் துடிக்கும். எல்லாம் மாறிய ஏற்பி மந்தமானது. இந்த ஐந்தில் சில இடங்கள் அடார்-1 கையில், சில அடார்-2 கையில். பொட்டாசிய வாசல் ஒன்றிலும் அடார்-2 ஓர் எழுத்தை மாற்றி, அது மூடிய பிறகு மறுபடி தயாராகும் வேகத்தைக் கூட்டுகிறது.

மூளைக்கு வெளியே முக்கியமான இடம் கணையம். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் இந்த நொதி இருக்கிறது. எலியின் பீட்டா செல் கட்டியிலிருந்து வளர்த்த செல்களில் அடார்-2வைக் குறைத்தபோது, குளுக்கோஸுக்குப் பதிலாக வரும் இன்சுலின் சுரப்பும் குறைந்தது.

அப்புறம் ஒரு விசித்திரம். அடார்-2வை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்த சுண்டெலிகள் ஓயாமல் தின்று கொழுத்துப்போயின. வேலை செய்யாத அடார்-2வைக் கொடுத்தபோதும் அதேதான் நடந்தது! எழுத்தை மாற்றுவதால் மட்டும் இது வரவில்லை, ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு உட்காருவதே எதையோ கெடுக்கிறது என்று அர்த்தம். நொதி என்றதும் அதன் வினையை மட்டும் பார்க்கும் பழக்கத்துக்கு இது ஒரு குட்டு.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. எலியில் இந்த மரபணுவைக் கொடுத்து மூளைச் செல்களைக் காப்பாற்றினார்களாமே?

ஒரு மாணவனின் அம்மா கேட்டது. நிதானமாகவே பதில் சொன்னேன்.

உண்மைதான், 2006ல் எலிகளில் அப்படி ஒரு சோதனை நடந்தது. மூளைக்கு ரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தினால், நினைவுக்கு வேண்டிய மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் சிஏ1 என்ற பகுதியின் செல்கள் உடனே சாவதில்லை. சில நாட்கள் கழித்துத்தான் சாகின்றன. பக்கத்துப் பகுதிகள் தப்பிவிடுகின்றன. சிஏ1 செல்களில் மட்டும் அடார்-2 குறைந்துபோனதும், குளுஏ2 நகல் திருத்தப்படாமல் வெளியேறியதும், அந்த வாசல் வழியாகக் கால்சியம் புகுந்ததும் தெரிந்தது. அடார்-2 மரபணுவை வெளியிலிருந்து கொடுத்தபோது செல்கள் பிழைத்தன.

ஆனால் அக்கா, அது செல் எப்படிச் சாகிறது என்பதைக் காட்டிய சோதனை. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற மருந்து அல்ல. பக்கவாதத்துக்கு இன்றைக்கு நம்மிடம் இருப்பது நேரம்தான்: முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ முதல் நாலரை மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். எலி மரபணுவைத் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது.

தசைகள் மெல்லச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயால் இறந்த சிலரின் தண்டுவட இயக்க நரம்புகளிலும் இதே இடம் திருத்தப்படாமல் இருந்ததை 2004ல் ஜப்பானியக் குழு கண்டிருக்கிறது. அதனால்தான் எலியில் இதைத் தொடர்ந்து தோண்டுகிறார்கள்.

அடார்-1ம் அடார்-3ம் என்ன செய்கின்றன?

அடார்-1 உடம்பு முழுக்க இருக்கிறது. நம் சொந்த இரட்டை இழை ஆர்.என்.ஏ.வில் அங்கங்கே எழுத்தை மாற்றி, 'இது வைரஸ் அல்ல, நம் வீட்டுப் பிள்ளை' என்று அடையாளம் போடுகிறது. அது இல்லாத சுண்டெலிக் கரு பிறப்பதற்கு முன்பே செத்துவிடும். அடார்-3ஐயும் எலி மூளையில்தான் 1996ல் கண்டார்கள். எழுத்து மாற்றும் திறமை அதனிடம் தென்படவில்லை. மற்ற இரண்டும் உட்காரும் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தடுக்கிறது என்று சொல்லலாம்.

கொலஸ்ட்ராலுக்கும் எலியின் ஆர்.என்.ஏ. திருத்தத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் வாட்ஸ்அப் அளவுக்கு. 'எலிக்கு இந்த எண்ணெயைக் கொடுத்தார்கள், கொலஸ்ட்ரால் ஏறவில்லை' என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. அதைப் படிக்கும்போது அபோபெக்-1ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பைச் சுமக்கும் அபோ-பி என்ற புரதத்துக்கு ஒரே மரபணுதான். முழு நீளம் 4,536 அமினோ அமிலங்கள், அது அபோபி-100. கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் திட்டும் எல்.டி.எல். துகள் இதன் மேல்தான் கட்டப்படுகிறது. குடலில் அபோபெக்-1 அந்த நகலில் 6666ஆம் எழுத்தான சியை யுவாக மாற்றுகிறது. சி-ஏ-ஏ என்ற குளுட்டமின் சொல், யு-ஏ-ஏ என்ற நிறுத்தக் குறியாகிவிடுகிறது. புரதம் 2,152லேயே நின்றுவிடுகிறது, அது அபோபி-48. எல்.டி.எல். ஏற்பியில் ஒட்டும் பகுதி இதில் கிடையாது.

மனிதரில் இந்தத் திருத்தம் சிறுகுடலில் மட்டும். நம் கல்லீரல் முழு நீளத்தையே செய்கிறது. எலியின் கல்லீரலோ குடலைப் போலவே திருத்துகிறது. எலி ரத்தத்தில் எல்.டி.எல். இயல்பிலேயே குறைவு, பெரும்பங்கு நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். அப்படிப்பட்ட உடம்புக்குள் எண்ணெயை ஊற்றி, 'பார், ஏறவில்லை' என்று நமக்குச் சொல்வதில் என்ன இருக்கிறது? எலியில் நடந்ததை மனிதருக்குச் சொல்லும் முன், எலியின் கல்லீரல் என்ன திருத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த நொதியும் முதலில் எலியிலிருந்துதான் கிடைத்தது, 1993ல், சிறுகுடலிலிருந்து. அதற்கு எதிர்பாராத ஒரு பின்வாழ்வும் கிடைத்தது. 2016ல் டேவிட் லியூவின் ஆய்வகம், டி.என்.ஏ.யை இரண்டாக வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் கருவியைச் செய்தபோது, டி.என்.ஏ.யில் குறித்த இடத்தைத் தேடிப் பிடிக்கும், வெட்டும் திறனை முடமாக்கிய காஸ்9 புரதத்தோடு ஒட்டவைத்தது எலியின் அபோபெக்-1ஐத்தான். நகலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்த எலி நொதி, மனிதச் செல்லில் மூலத்தையே மாற்றும் வேலைக்குப் போய்விட்டது.

கேழ்வரகுக் களி தின்றால் இந்த நொதிக்கு நல்லதா?

இப்படி ஒரு கேள்வி வரக் காரணம் நான்தான். 2005ல் மனித அடார்-2வின் வடிவத்தைப் படமெடுத்தபோது, அதன் வயிற்றுக்குள் ஐ.பி.6 என்ற ஒரு சிறு மூலக்கூறு புதைந்திருந்தது. அது இல்லாவிட்டால் நொதி சரியாக மடியாது. தவிட்டிலும் கேழ்வரகிலும் இருக்கும் பைட்டிக் அமிலமும் அதே மூலக்கூறுதான் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு பையன் வீட்டில் களி கிண்டச் சொல்லியிருக்கிறான். செல் தனக்கு வேண்டிய ஐ.பி.6ஐத் தானே செய்துகொள்கிறது. களி நல்லதுதான். காரணம் இதுவல்ல.

இதை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியுமா? வீட்டு எலியைப் பிடித்துக்கொண்டு வரலாமா?

எலியைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள். விலங்கில் சோதனை செய்ய 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவும், நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதியும் வேண்டும். செவ்வாய்ப்பேட்டை குடோன் எலியைக் கையில் எடுத்தால் எலிக்காய்ச்சல் வேறு வரும்.

விலங்கே இல்லாமல் செய்யலாம். எலி மூளை ஆர்.என்.ஏ.வும் எலி டி.என்.ஏ.யும் தயார்நிலையில் விலைக்குக் கிடைக்கின்றன. ஆர்.என்.ஏ.வை சி.டி.என்.ஏ.வாக்கி (அதாவது அதைப் பார்த்து டி.என்.ஏ. நகல் எடுத்து), இரண்டிலும் குளுஏ2வின் அந்தத் துண்டை பி.சி.ஆரில் பெருக்குங்கள். பிபிவி-1 என்ற வெட்டு நொதி ஜி-சி-ஏ-ஜி-சி என்ற வரிசையைத் தேடும். திருத்தப்படாத இடத்தில் அந்த வரிசை அப்படியே இருப்பதால் வெட்டும். திருத்தியதில் நடு ஏ இப்போது ஜி, வெட்டாது. ஜெல்லில் ஓடவிட்டால் டி.என்.ஏ. வரிசையும் மூளை வரிசையும் வேறு வேறு பட்டைகளாக நிற்கும். கையில் ஆய்வகமே இல்லையென்றால் பொதுவில் கிடைக்கும் எலி வரிசைத் தரவுகளைக் கணினியில் ஒப்பிடலாம். ஆனால் ஏ இருந்த இடத்தில் ஜி தெரிந்தாலே திருத்தம் என்று குதிக்காதீர்கள். அந்த எலியின் மரபணுவிலேயே ஜி இருந்திருக்கலாம், கருவி தப்பாகப் படித்திருக்கலாம். 2011ல் மனிதச் செல்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நகலும் மூலமும் வேறுபடுவதாக ஒரு பெரிய கட்டுரை வந்து, பெரும்பாலானவை படிப்புப் பிழை என்று அடுத்த வருடமே அடிவாங்கியது. அதே எலியின் டி.என்.ஏ.யையும் ஆர்.என்.ஏ.வையும் பக்கத்தில் வைத்தால்தான் பேச முடியும்.

எங்கள் தோட்டத்துக் குடோனில் எலி சாக்கைக் கடித்துக் குவிக்கிறது. அந்த மரபணுவைக் கெடுக்கிற மருந்து ஏதும் இல்லையா அக்கா?

ஏற்காட்டுத் தம்பியின் கேள்வி. இல்லை தம்பி. கடையில் விற்கும் புரோமடியோலோன் கட்டிகள் குறிவைப்பது வேறொரு மரபணுவின் நொதியை. வைட்டமின் கேயை மீட்டெடுக்கும் அந்த நொதி முடங்கினால் ரத்தம் உறையாது, எலி உள்ளுக்குள் கசிந்து சாகும். அந்த மரபணு 2004ல் அடையாளம் காணப்பட்டது. அதில் ஓர் எழுத்து மாறிய எலிகளில் சில, மருந்தைத் தின்றுவிட்டும் தெம்பாக உலாவும். அது நகலில் மாறியதல்ல, மூலத்திலேயே மாறியது. அதனால் குட்டிகளுக்கும் போகும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையை மட்டும் வீட்டுப் பக்கம் வைக்காதே, மனிதக் கல்லீரலைக் கருக்கிவிடும். காப்பி மூட்டையைத் தரையிலிருந்து ஓர் அடி உயரப் பலகையில் அடுக்கு, சுவரை ஒட்டாமல். கதவுக்கு அடியில் தகரம் அடி.